கோடை விடுமுறையை எப்படிப் பயன்படுத்துவது? ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிந்தபின் ஜூன் மாதம் மறுபடி மணி அடிக்கும்வரை ஏறத்தாழ ஐந்தாறு வாரம் கிடைக்கிறது. அந்த வாரங்களைப் பற்றி ஏப்ரல் தோறும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் பெற்றோரும் மாணவரும் கேட்பவை, பின்பகுதியில் ஆசிரியர்கள் கேட்பவை. எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: பள்ளி நாட்களில் நேரமில்லாததால் செய்ய முடியாததை விடுமுறையில் செய்ய வேண்டும், பள்ளியையே வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

லீவு விட்ட மறுநாளே பிள்ளையைப் படிக்க உட்கார வைக்கணுமா?

வேண்டாம். முதல் ஒரு வாரம், பத்து நாள் நன்றாகத் தூங்கட்டும், விளையாடட்டும், ஊருக்குப் போய்வரட்டும். அதற்குப் பிறகும் நாளுக்கு அரை மணி நேரம் போதும்: 20 நிமிடம் வாசிப்பு, 10 நிமிடம் கணக்கு. காலை 9 மணிக்குள் முடித்துவிட்டால் அன்றைய பொழுது முழுக்கப் பிள்ளையுடையது.

அந்த அரை மணி நேரம் ஏன் தேவை என்றால், பழக்கத்தில் நிற்பவைதான் விடுமுறையில் முதலில் நழுவும். வரலாற்றுப் பாடத்தை ஒருமுறை புரட்டினால் நினைவுக்கு வந்துவிடும். வாய்பாடு, வகுத்தல், தடையில்லாமல் வாசிக்கும் வேகம் ஆகியவை அப்படித் திரும்பி வருவதில்லை. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் அதே அரை மணிதான். "நேற்றையதும் சேர்த்து ஒரு மணி நேரம்" என்று ஆரம்பித்தால் நான்காம் நாளே சண்டை வந்து எல்லாம் நின்றுபோகும்.

வெயில் கொளுத்துதே, எப்போ வெளியே விடலாம்?

காலை 10.30 வரை, பிறகு மாலை 4 மணிக்கு மேல். மே 4 முதல் 28 வரை சொல்லப்படும் கத்திரி வெயில் நாட்களில் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் விளையாடப் போகும் முன்பே ஒரு டம்ளர் தண்ணீரோ உப்புப் போட்ட நீர்மோரோ குடிக்கச் செய்யுங்கள். தலைச்சுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் விளையாட்டை நிறுத்தி நிழலுக்குக் கூட்டி வர வேண்டும். உடல் அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பவாதம். ஈரத்துணியால் உடல் முழுக்கத் துடைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பையன் அஞ்சாவது முடிச்சுட்டான். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். இந்த ஒரு மாசத்துல சரிபண்ண முடியுமா?

நிறையவே முன்னேற்றலாம். அதற்கு முன் அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று தெரிய வேண்டும். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க 2005 முதல் நாடு முழுக்க நடந்துவரும் அசர் (ASER) கணக்கெடுப்பில் பயன்படும் வரிசை எளிமையானது: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவிலான சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை. பழைய ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் புத்தகங்களிலிருந்தே எடுத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். எந்தப் படியில் தடுமாறுகிறானோ அங்கிருந்து தொடங்குங்கள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தோடு போராடிப் பயனில்லை.

தமிழில் பல பிள்ளைகள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறிகள்தாம். 'கெ' என்பதில் குறி முதலில் நிற்கிறது, ஒலியில் க் முதலில் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டும் பிள்ளை இங்கே குழம்பித்தான் போவான். 'கொ', 'கோ' இரண்டிலும் எழுத்தைச் சுற்றி இருபுறமும் குறி இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். குறியையும் எழுத்தையும் சேர்த்து ஒரே உருவமாகப் பார்க்கப் பழக்குங்கள். கெடு–கேடு, கொடு–கோடு, பெறு–பேறு, தொடு–தோடு என்று குறில் நெடில் மாறினால் பொருளே மாறும் இணைகளைச் சிறு அட்டைகளில் எழுதி, படித்துப் பொருளும் சொல்லச் சொல்லுங்கள். ஒருநாளைக்கு நான்கு இணை போதும்.

வாசிப்புக்கு ஒரு பத்தியை மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நீங்கள் வரியில் விரல் வைத்து வாசிக்க அவன் பார்க்கட்டும், இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து வாசியுங்கள், மூன்றாம் நாள் அவன் தனியாக. மனப்பாடமாக ஒப்பிக்கிறானோ என்ற சந்தேகம் வந்தால் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள். நாளுக்கு 20 நிமிடம், 30 நாள் என்றால் மொத்தம் 10 மணி நேரம். இதில் ஒரு படி ஏறினாலே அது நல்ல முன்னேற்றம். பார்த்து எழுதுதல் இதற்கு மாற்றாகாது. படிக்கத் தெரியாமலே ஒரு பக்கத்தை அழகாகப் பார்த்து எழுதிவிடும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வீட்டுல புத்தகமே இல்லையே, எதைப் படிக்கக் கொடுக்கறது?

பக்கத்து ஊர்ப்புற நூலகத்திலோ கிளை நூலகத்திலோ பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். வார விடுமுறை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை என்பதால் அன்று போய் ஏமாறாதீர்கள். சென்னைக்குப் போகிறவர்கள் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவிலும், மதுரைக்குப் போகிறவர்கள் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் ஒரு பகல் முழுக்க இருக்கலாம். வெயிலுக்கும் ஒதுங்கியதாகும்.

புத்தகம் பிள்ளைக்கு ஏற்றதா என்று பார்க்க ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால் இப்போதைக்குக் கடினம், ஒன்றிரண்டு மடங்கினால் சரியான புத்தகம். ஒன்றுமே மடங்காவிட்டாலும் தடுக்க வேண்டாம், இன்பத்துக்காகப் படிக்கட்டும்.

கணக்குல என்ன செய்யலாம்?

நாளுக்கு ஆறு கணக்கு: கடன்வாங்கிக் கழித்தல் இரண்டு, வகுத்தல் இரண்டு, பின்னம் ஒன்று, வீட்டுச் செலவிலிருந்து ஒன்று. எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடத் தப்பு எப்படி வந்தது என்று பார்ப்பதுதான் முக்கியம். 403-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 375 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று திட்டுவோம். உண்மையில் அவர்கள் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறார்கள்: 8–3, 7–0, 4–1. இவர்களுக்கு இதே மாதிரி இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் அதே தப்பை இருபது முறை பழகுவார்கள்.

நான்கு நூறு ரூபாய்த் தாளும் மூன்று ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து 178 ரூபாய் தரச் சொல்லுங்கள். நூறைச் சில்லறை மாற்றாமல் தரமுடியாது என்று கை உணர்ந்தபின் 225 என்ற விடை தானாக வரும்.

மிஸ் தினமும் பத்துப் பக்கம் எழுதச் சொல்லியிருக்காங்க. எழுதியே ஆகணுமா?

பெற்றோரிடம்: ஆசிரியரை எதிர்த்து நிற்க வேண்டாம். "பக்கத்தைக் குறைத்துக்கொண்டு, தினமும் ஐந்து வரி சொந்தமாக எழுதட்டுமா?" என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள்.

ஆசிரியர்களிடம்: 40 பிள்ளைகள், 30 நாள், 10 பக்கம் என்றால் 12,000 பக்கம். ஜூனில் அதை யார் திருத்துவது? திருத்தப்படாத எழுத்தில் தப்பு மட்டும்தான் ஊறும். கடைசி மூன்று நாளில் அக்காவும் அம்மாவும் சேர்ந்து எழுதி முடிக்கும் வேலையாகவும் அது மாறிவிடுகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு, நாளுக்கு அரைப் பக்கம், தேதி போட்டு, அன்று கண்ணால் பார்த்தது ஒன்று. இவ்வளவு போதும்.

சரி, வேற என்ன செயல்பாடு கொடுக்கலாம்? பிள்ளைகளுக்கு ஒரு பைசா செலவு ஆகக் கூடாது.

நிழல் அளப்பது. மே மாத விடுமுறைக்கென்றே அமைந்த செயல் இது. சூரியன் நண்பகலில் நமக்குத் தெற்கே சாய்ந்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் மே மாதம் முழுக்க அது தலைக்கு வடக்கே இருக்கிறது, அதனால் நண்பகல் நிழல் தெற்கே விழும். அதற்கு முன் ஏப்ரலில் ஒருநாள் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்ட குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும். கன்னியாகுமரியில் அது ஏப்ரல் 11 வாக்கில், சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கில். சூரியன் தெற்கே திரும்பும்போது இன்னொரு முறை வரும்: சென்னையில் ஆகஸ்ட் நடுவில், கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கத்தில்.

செய்முறை: சமதளமான தரையில் 1 மீட்டர் உயரக் குச்சியை நடுங்கள். நேராக நிற்கிறதா என்று கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்டு இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். பகல் 11.50 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நிழலின் நுனியில் சிறு கல் வைத்துவிட்டு உடனே நிழலுக்குப் போய்விட வேண்டும். முன்பு ஒரு பதிலில் சொன்ன வெயில் நேரத்துக்கு இந்தச் சில நொடிகள் மட்டும் விலக்கு. தொப்பி, செருப்பு அவசியம். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. எல்லாவற்றிலும் குட்டையான நிழல்தான் அந்த ஊரின் நண்பகல் நிழல். அது காட்டும் திசை சரியான வடக்கு–தெற்கு.

மே 15 வாக்கில் இந்த நிழல் சென்னையில் 10 செ.மீ., கன்னியாகுமரியில் 19 செ.மீ. அளவில் இருக்கும். இரண்டு ஊர்ப் பள்ளிகள் ஒரே நாளில் அளந்து தொலைபேசியில் பரிமாறிக்கொண்டால் பூமியின் சுற்றளவையே கணக்கிடலாம். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்த வழிதான் இது. நோட்டில் 10 செ.மீ. குச்சி, 1 செ.மீ. நிழல் எனச் சுருக்கி வரைந்து, குச்சியின் உச்சியில் உண்டாகும் கோணத்தைப் பாகைமானியால் அளக்க வேண்டும். ஒன்று 5.7 பாகை, மற்றது 10.7 பாகை வரும். வித்தியாசம் 5 பாகை. பூமியைச் சுற்றியுள்ள 360 பாகையில் இரண்டு ஊருக்கும் இடையிலான பங்கு அது. இரண்டு ஊருக்கும் இடையிலான வடக்கு–தெற்குத் தொலைவு சுமார் 555 கி.மீ. 360-ஐ 5-ஆல் வகுத்து 555-ஆல் பெருக்கினால் 39,960 கி.மீ. உண்மையான அளவு 40,000 கி.மீட்டரை ஒட்டியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும் கணக்கு.

நாங்க அளந்தோம், 34,000 கி.மீ.ன்னு வருது. எங்கே தப்பு?

மூன்று இடத்தில் பாருங்கள். ஒன்று, தொலைவு. சாலைத் தூரத்தைப் போட்டிருந்தால் விடை கூடிவிடும், குறைவாக அளந்திருந்தால் குறைந்துவிடும். வரைபடத்தில் நேர் வடக்கு–தெற்காக அளந்த தொலைவுதான் தேவை. இரண்டு, நிழலின் ஓரம் மங்கல். சூரியன் வானில் அரைப் பாகை அகலம் இருப்பதால் 1 மீட்டர் குச்சியின் நிழல் ஓரம் கிட்டத்தட்ட 1 செ.மீ. அளவுக்குக் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கலின் நடுவை எல்லாரும் ஒரேமாதிரி எடுக்க வேண்டும். 1 செ.மீ. பிசகினாலே விடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாறிவிடும்.

மூன்று, கடிகாரத்தில் சரியாக 12 அடித்தபோது ஒரே ஒருமுறை அளந்திருக்கலாம். நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. தமிழ்நாடு அதற்கு மேற்கே இருப்பதால் உண்மையான நண்பகல் மே நடுவில் சென்னையில் 12.05 வாக்கிலும் கோவையில் 12.18 வாக்கிலும் வரும். மேகம் மறைத்த நாளை விட்டுவிட்டு இரு பள்ளிகளும் வேறொரு நாளை ஒத்துக்கொள்ளுங்கள். அவரவர்க்குக் கிடைத்த நாளில் அளந்தால் கணக்கு கெட்டுப்போகும்.

கோடை மழை பெஞ்சா?

அதையும் அளக்கலாம். பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் சுவர் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே சுழியம் போடுங்கள். அதற்கு மேல் அளவுகோல் ஒட்டினால் மழை மில்லிமீட்டரில் கிடைக்கும். மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்கக் கூடாது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை 1 லிட்டர். 600 சதுர அடி மாடியில் 10 மி.மீ. பெய்தால் ஏறத்தாழ 557 லிட்டர், அதாவது முப்பத்தேழு குடத்துக்கு மேல் (குடம் 15 லிட்டர்). குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு நடக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த எண் நன்றாகவே உறைக்கும்.

கிணத்துல நீச்சல் கத்துக்க அனுப்பலாமா?

நீச்சல் தெரிந்த, பிள்ளையைத் தூக்கிவரும் வலுவுள்ள பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் கூடவே இருந்தால் மட்டும். கரையில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பவர் கணக்கில் சேரமாட்டார். கல்குவாரிக் குட்டை, மண் அள்ளிய ஏரி, அணையின் மதகுப் பக்கம் ஆகிய இடங்கள் எப்போதுமே வேண்டாம், அங்கே இரண்டடி தள்ளினால் ஆழம் மாறிவிடும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைகாலப் பயிற்சி முகாம்கள் பற்றி மாவட்ட விளையாட்டரங்கில் விசாரியுங்கள்.

ஒவ்வொரு கோடையிலும் ஒருவனைக் காப்பாற்றக் குதித்த இரண்டாமவனும் மூழ்கிய செய்தி வருகிறது. மனசு கனக்கும் செய்தி அது. அதனால் லீவு விடும் கடைசி நாளில் எல்லா வகுப்பிலும் இதைச் சொல்லியே அனுப்ப வேண்டும்: குதிக்காதே, கயிறு, துண்டு, நீளக் கம்பு, காலி கேன் எதையாவது வீசு, சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு. மீட்ட பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பது உயிர்காக்கும் நிமிடங்களை வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய்வைத்துச் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் தொடங்க வேண்டும், ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒம்பதாவது படிக்கிற பையன் லீவுல கடை வேலைக்குப் போறேங்கறான்.

வயதைப் பாருங்கள். 14 நிரம்பாதவரை யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் விடுமுறையில் உதவுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்கள் கூடாது. மற்ற வேலையிலும் இடைவேளை உட்பட நாளுக்கு ஆறு மணி நேரம்தான் எல்லை, இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது. மீறி நடந்தால் 1098-க்குச் சொல்லலாம்.

ஆசிரியர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மே மாதம் கையில் பணம் பார்த்த பையன் ஜூனில் வராமல் போய்விடுவான். வகுப்பில் அப்படி யார் யார் என்று உங்களுக்கே தெரியும். மே கடைசி வாரம் அவர்கள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி போடுங்கள்.

எட்டாவது போற பிள்ளைங்க உதவித்தொகைத் தேர்வுக்கு இப்பவே படிக்கலாமா?

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வைச் சொல்கிறீர்கள் என்றால், தாராளமாக. தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். மனத்திறன் 90, படிப்புத்திறன் 90 என்று கேள்விகள். படிப்புத்திறனில் ஏழாம் வகுப்புப் பாடங்களும் வருவதால், விடுமுறையில் எட்டாம் வகுப்பை எட்டிப்பார்ப்பதைவிட ஏழாம் வகுப்பு அறிவியல், கணக்கு, சமூக அறிவியலைத் திரும்பப் படிப்பதே லாபம். மனத்திறனுக்கு நாளுக்குப் பத்துக் கேள்வி, விடைக்குப் பக்கத்தில் காரணம் ஒரு வரி.

பத்தாம் வகுப்புப் பாடத்தை மே மாசமே ஆரம்பிச்சுடலாமா? ஹெச்.எம். சொல்றாங்க.

விடுமுறையில் சிறப்பு வகுப்பு வைக்கக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. விதியை விடுங்கள், பயனைப் பார்த்தாலும் சரிவராது. தகரக்கூரைக்கு அடியில் மே மாத வகுப்பில் பாதிப்பேர்தான் வருவார்கள், ஜூனில் மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறுபவர்களுக்குப் பெரும்பாலும் குறை எட்டு, ஒன்பதில் இருக்கிறது: முழுக்களின் குறி, காரணிப்படுத்தல், பின்னம். மேலே சொன்ன ஆறு கணக்கை இந்த மூன்றிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

டீச்சருக்கு லீவு லீவுதானே? நாங்க என்ன தயாரிக்கணும்?

முதல் இரண்டு வாரம் ஒன்றும் வேண்டாம். உங்களுக்கும் தூக்கம் தேவை. அதன்பின் மொத்தமாக நான்கைந்து நாள் ஒதுக்கினால் போதும், அதையும் ஒரே ஒரு பாடத்தின் கடினமான ஒரே அலகில் செலவிடுங்கள். லீவு விடுமுன்பே வகுப்பின் ஆண்டுத்தேர்வுத் தாள்களில் இருபதைப் பார்த்து, எந்தக் கேள்வியில் என்ன வகைத் தப்பு எத்தனைபேர் செய்தார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 375 எழுதியவர்கள் எத்தனை, ல–ழ–ள குழப்பியவர்கள் எத்தனை என்று. எதற்குத் தயாரிக்க வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லும்.

அட்டைகள் செய்வதானால் 22×28 அங்குலச் சார்ட்டை 5.5×4 அங்குலமாக வெட்ட 28 அட்டை வரும். அது கையில் பிடித்துப் படிக்க. கடைசி வரிசை 20 அடி தள்ளி இருந்தால் கரும்பலகை ஓரம் மாட்டுவதற்கு எழுத்து இரண்டு அங்குல உயரமாவது வேண்டும். மைதாப் பசை போட்டால் பள்ளி அலமாரியில் பூச்சி அரித்துவிடும். செல்லோடேப் ஓராண்டில் பழுத்து உரிந்துவரும். கடைப் பசையால் ஒட்டி, பூட்டிய தகரப்பெட்டியில் வையுங்கள்.

ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதணும். இந்த லீவு போதுமா?

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தத் தேர்வு தேவை என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் அவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். முழுத் தயாரிப்புக்கு ஐந்து வாரம் போதாது, அடித்தளம் போடப் போதும். இடைநிலை ஆசிரியருக்கான முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஒவ்வொன்றிலும் 30 கேள்வி. உங்களுக்கு அன்றாடம் கைபழகாத பாடத்தை விடுமுறையில் எடுங்கள். குறிப்பேடுகளை வாங்கிக் குவிக்கும் முன் பள்ளிப் புத்தகங்களை வரிவரியாகப் படியுங்கள். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்தில் ஒருநாள் முழு மாதிரித் தேர்வு.

ஜூன்ல பள்ளி திறந்ததும் இந்த நோட்டையெல்லாம் என்ன செய்யறது?

முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கி அடுக்காதீர்கள். நாளுக்கு ஆறு பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிமிடம், தங்கள் நோட்டில் பிடித்த ஒரு பக்கத்தை வகுப்புக்குப் படித்துக் காட்டட்டும். நாற்பது பேர் ஏழு நாளில் முடியும். வெறும் நோட்டோடு வந்த பிள்ளையைத் தண்டிக்காமல், விடுமுறையில் பார்த்த ஒன்றை வாயால் சொல்லச் சொல்லி அதையே எழுத வையுங்கள். அந்த ஏழு நாட்களுக்குள் மேலே சொன்ன நான்குபடி வாசிப்புச் சோதனையையும் கழித்தல், வகுத்தல் ஒவ்வொன்றையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்த்துவிட்டால், புதிய பாடத்தை எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று ஜூன் பாதியில் தெரிந்துவிடும்.